துளை சுத்தமாக விழுந்தும் விரிசல் விட்ட அக்ரிலிக் முன்மூடிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு சிறிய பட்டறை. எஃகுத் தகட்டில் பெட்டி செய்து, உள்ளே மின்சாமான்களைப் பொருத்திக் கொடுப்பது அவர்களின் வேலை. உலோகத்தில் நல்ல கைத்தேர்ச்சி உள்ளவர்கள். இந்த ஆர்டரில் மட்டும் பெட்டிக்கு முன்மூடியாகத் தெளிவான அக்ரிலிக் ஷீட் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) கேட்டிருந்தார்கள். கதவைத் திறக்காமலே உள்ளே எரியும் விளக்குகளைப் பார்க்க வேண்டும் என்பது வாங்குபவரின் தேவை.

முன்மூடி 400 × 300 மி.மீ., தடிமன் 5 மி.மீ. ஒவ்வொன்றிலும் மூன்று வகைத் துளைகள். நான்கு மூலைகளிலும் எம்4 (4 மி.மீ.) ஸ்க்ரூவுக்கு 4.2 மி.மீ. துளை. நடுவில் இரண்டு அழுத்து பொத்தான்கள். மேலே அழுத்தமானிக்கு 60 மி.மீ. துளை. மொத்தம் 20 முன்மூடிகள்.

வேலையைச் செய்தவர்கள் பட்டறையின் மூத்த மெக்கானிக்கும், அவரிடம் தொழில் பழகும் இளைஞரும். முதல் தொகுதியில் பாதிக்கு மேல் கெட்ட பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன் நடந்ததை அவர்கள் சொன்னதை வைத்தும், தூக்கிப் போடாமல் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த உடைந்த ஷீட்டுகளை வைத்தும் எழுதுகிறேன். அந்த ஷீட்டுகளை வைத்திருந்தது பெரிய உதவி. உடைந்த துண்டைப் பார்த்தால் விரிசல் எங்கே தொடங்கியது என்று தெரிந்துவிடும். ஆளைக் கேட்டால் எங்கே முடிந்தது என்பதுதான் தெரியும்.

முதல் தொகுதியில் கண்டது

சேதம் ஒரே மாதிரி இல்லை. உடைந்தவற்றைத் துளை வாரியாகப் பிரித்து அடுக்கியபோது நான்கு விதம் தெரிந்தது.

சில ஷீட்டுகளில் துளையே போடவில்லை. குறித்த இடத்தில் நட்சத்திரம் போல விரிசல். உலோகத்துக்குச் செய்வதுபோல சென்டர் பஞ்ச் (துளையின் மையத்தைக் குறிக்கும் கூர்முனைக் கருவி) வைத்துச் சுத்தியலால் தட்டியிருக்கிறார்கள். அலுமினியத்தில் அந்த அடி ஒரு குழியாக அமுங்கும். அக்ரிலிக் முறிவதற்கு முன் சில சதவீதமே நீளும் பொருள்; அமுங்க மாட்டாமல் விண்டுவிடும். இதற்கு ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை. பஞ்சை எடுத்து உள்ளே வைத்தாயிற்று. அதன் பிறகு குறிப்பதெல்லாம் மேலே ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளில் பேனாவால்தான்.

மூலைத் துளைகளில் மேற்பக்கம் நன்றாக இருந்தது. அடிப்பக்கத்தில்தான் துளையைச் சுற்றிச் சிப்பி சிப்பியாகப் பெயர்ந்திருந்தது. அந்தப் பெயர்ப்பிலிருந்து சிலவற்றில் ஓரம் வரை விரிசல் ஓடியிருந்தது. துளையின் மையம் ஓரத்திலிருந்து 8 மி.மீ. தூரத்தில்தான் இருந்தது என்பதையும் அப்போதே குறித்துக்கொண்டோம்.

பொத்தான் துளைகளில் விரிசல் எப்போதும் ஒரே இடத்தில் தொடங்கியது. இந்தப் பொத்தான்களின் கழுத்தில் ஒரு சிறு மூக்கு உண்டு. பொத்தான் சுற்றாமல் இருக்கத் துளையின் ஓரத்தில் அந்த மூக்குக்கு ஒரு வெட்டு விட வேண்டும். அதை முக்கோண அரத்தால் ராவியிருந்தார்கள். வெட்டின் அடி கூர்மையான ‘வி’. ஒவ்வொரு விரிசலும் அந்தக் கூர்முனையிலிருந்துதான் கிளம்பியிருந்தது.

அழுத்தமானித் துளையில் உடைசல் குறைவு, ஆனால் உருகல் அதிகம். ஹோல் சாவின் (பெரிய வட்டத் துளை வெட்டும், கிண்ணம் போன்ற ரம்பம்) பற்களில் பிளாஸ்டிக் உருகி அப்பியிருந்தது. துளைச் சுவர் பளபளவென்று இருக்கிற மாதிரி தோன்றினாலும், விரலால் தடவினால் அலையலையாக இருந்தது. இரண்டு மூடிகளில் வெட்டின வட்டு மீண்டும் ஷீட்டோடு ஒட்டிக்கொண்டு, தட்டி எடுக்கும்போது உடைந்திருக்கிறது.

காரணம் தேடியது

மெக்கானிக்கின் எண்ணம், ஷீட் மட்டமான சரக்கு என்பது. “போன வருஷம் இதே பிட்டுலதான் போட்டேன், ஒண்ணுமே ஆகலை” என்றார். அவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. அது பின்னால் வருகிறது. முதலில் பிட்டையும் வேகத்தையும் பார்த்தோம்.

சாதாரண டிரில் பிட்டின் முனைக் கோணம் 118 பாகை. வெட்டும் விளிம்பு முன்னோக்கிச் சாய்ந்து, பொருளைக் கவ்வி இழுக்கும்படி அமைந்தது. எஃகில் அது தேவை. அக்ரிலிக்கில், முனை அடிப்பக்கத்தைத் துளைத்து வெளியேறும் கணம்தான் ஆபத்து. அதுவரை எதிர்த்து நின்ற பொருள் சட்டென்று இல்லாமல் போகிறது. மிச்சமிருக்கும் மெல்லிய வளையத்தில் பிட்டின் சுருள் திருகாணி மாதிரி ஏறுகிறது. ஷீட் மேலே தூக்கப்படும், அல்லது அந்த வளையம் பெயர்ந்து வரும். கையால் பிடித்துக்கொண்டு போட்ட மூடிகளில் இரண்டுமே நடந்திருந்தது.

கணக்கிலும் இது தெரியும். 6 மி.மீ. பிட் ஒன்றை எடுத்துக்கொண்டால், 118 பாகை முனையின் கூம்பு உயரம் சுமார் 1.8 மி.மீ. முனை வெளியே எட்டிப் பார்த்ததும், அவ்வளவு தூரத்துக்குள் முழு அகலமும் வெளியேறிவிடுகிறது. 60 பாகை முனை என்றால் அந்த உயரம் சுமார் 5.2 மி.மீ. அதாவது 5 மி.மீ. ஷீட்டில் கூம்பின் நுனி அடியில் வெளிவரும்போது அதன் தோள், அதாவது கூம்பு முடிந்து முழு அகலம் தொடங்கும் இடம், இன்னும் மேற்பரப்பைத் தொட்டிருக்காது. துளை கொஞ்சம் கொஞ்சமாக விரிகிறது. சட்டென்று விடுபடும் கணம் என்று ஒன்று இல்லை. பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் பிட்டுகள் 60 முதல் 90 பாகை முனையோடு வருவது இதற்காகத்தான்.

அடுத்தது வேகம். பட்டறையின் பெஞ்ச் டிரில்லில் வேகத்தை மாற்றும் பெல்ட் பல காலமாக ஒரே படியில், 1500 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 1500 சுற்று) கிடந்தது. 4.2 மி.மீ. பிட்டுக்கு அதில் குறை இல்லை; விளிம்பின் வேகம் நிமிடத்துக்கு சுமார் 20 மீட்டர். அதே 1500-இல் 60 மி.மீ. ஹோல் சாவைப் பூட்டினால் பற்கள் நிமிடத்துக்கு 280 மீட்டருக்கு மேல் ஓடும். அக்ரிலிக்கில் துளையிட வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை சுமார் 10 முதல் 60 மீட்டர் வரை. நாலைந்து மடங்கு மிஞ்சியிருக்கிறார்கள். உருகாமல் என்ன செய்யும்?

அக்ரிலிக் 100 பாகை செல்சியஸை ஒட்டி இளக ஆரம்பித்துவிடும். வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். உரசலில் பிறக்கும் சூடு ஷீட் முழுக்கப் பரவிப் போகாது. துளைச் சுவரிலேயே தேங்கும். சுவர் இளகி விரியப் பார்க்கும், சுற்றியுள்ள குளிர்ந்த பகுதி விடாது. ஆறும்போது சுவர் சுருங்கப் பார்க்கும், அப்போதும் விடாது. முடிவில் துளையைச் சுற்றி ஓர் உள்ளிறுக்கம் உறைந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. இந்த ஆய்வின் இரண்டாம் பாதி முழுக்க அதைப் பற்றியதுதான், ஆனால் இந்தக் கட்டத்தில் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்முன் உடைவதை நிறுத்துவதே நோக்கமாக இருந்தது.

இனி ஷீட்டின் தரம். அக்ரிலிக் இரண்டு வழிகளில் செய்யப்படுகிறது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஊற்றி இறுகவைத்தால் காஸ்ட். உருக்கி அச்சு வழியாகப் பிதுக்கினால் எக்ஸ்ட்ரூடட். காஸ்ட் ஷீட் வெட்டும்போது சீவலாகச் சுத்தமாக உதிரும், கொஞ்சம் கூடுதல் சூட்டைத் தாங்கும். எக்ஸ்ட்ரூடட் சீக்கிரம் இளகிப் பிட்டில் அப்பும். செய்முறையிலேயே உள்ளிறுக்கமும் கூடுதல். போன வருஷம் வந்தது காஸ்ட், இந்த முறை வந்ததில் எக்ஸ்ட்ரூடடும் கலந்திருந்தது என்று விற்றவரிடம் கேட்டபோது தெரிந்தது. மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை என்றது இதைத்தான். சரக்கு மட்டமல்ல, வேறு வகை.

காகிதம் ஒட்டியிருந்தால் காஸ்ட், பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தால் எக்ஸ்ட்ரூடட் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். இரண்டும் இரண்டு விதமாகவும் வருகின்றன. படலத்தில் அச்சிட்டிருப்பதைப் படிப்பதும், விற்பவரைக் கேட்பதும்தான் வழி. தடிமனை அளந்தால் ஒரு குறிப்புக் கிடைக்கும்: காஸ்ட் ஷீட்டில் தடிமன் இடத்துக்கு இடம் நன்றாகவே மாறும், எக்ஸ்ட்ரூடடில் ஏறத்தாழ சீராக இருக்கும்.

எடுத்த முடிவுகள்: துளையிடும் முறை

புதுக் கருவிகள் வரும் வரை வேலை நிற்கக் கூடாது என்றார் உரிமையாளர். அதனால் இருந்த பிட்டுகளையே முதலில் மாற்றினோம். வெட்டும் விளிம்பின் முன்முகத்தைச் சாணையில் லேசாகத் தொட்டு, பிட்டின் அச்சுக்கு இணையாக ஒரு மெல்லிய பட்டை வரும்படி தேய்த்தார் மெக்கானிக். இதனால் விளிம்பு கவ்வாது, சுரண்டும். ஒரு மில்லிமீட்டர்கூட வேண்டாம், கண்ணுக்குத் தெரிகிற பட்டை இருந்தால் போதும். இப்படி மழுக்கிய பிட் இனி உலோகத்துக்கு உதவாது. அதனால் அவற்றின் தண்டில் சிவப்புப் பெயின்ட் அடித்துத் தனி டப்பாவில் போட்டோம். துண்டு ஷீட்டில் போட்டுப் பார்த்ததில் அடிப்பக்கச் சிப்பிப் பெயர்ப்பு உடனே நின்றது. 60 பாகை பிட் வந்த பிறகு மூலைத் துளைகளை அதற்கு மாற்றிக்கொண்டோம்.

ஷீட்டுக்கு அடியில் தட்டையான பிளைவுட் துண்டு ஒன்று, இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப். துளை விழும் இடத்துக்கு நேர் கீழே ஷீட்டும் பலகையும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். ஏற்கெனவே துளை விழுந்த பலகையின் அதே இடத்தில் அடுத்த ஷீட்டை வைத்தால் அடியில் தாங்கல் இல்லை. இளைஞர் இதைக் கவனித்து, ஒவ்வொரு மூடிக்கும் பலகையைக் கொஞ்சம் நகர்த்தி வைக்க ஆரம்பித்தார். கிளாம்ப் இல்லாமல் யாரும் கைவைக்கக் கூடாது என்பதும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம் என்பதும் அப்போதே முடிவானது. பிட்டில் மாட்டிச் சுற்றும் ஷீட்டின் மூலை விரலைக் கிழித்துவிடும்.

பாதுகாப்புத் தாளை உரிக்கவில்லை. அதன் மேல் மாஸ்கிங் டேப் வேறு ஒட்ட வேண்டுமா என்று கேட்டார்கள். குறிப்பதற்கு வசதி, கீறல் விழாது, அவ்வளவுதான். டேப் விரிசலைத் தடுக்கும் என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடியில் பலகை இல்லாமல் டேப் மட்டும் ஒட்டிப் போட்ட துண்டு எப்போதும் போலவே பெயர்ந்தது. ஆணியைக் காய்ச்சி ஓட்டை போடும் யோசனையும் ஒருவரிடமிருந்து வந்தது. துளை விழும், கூடவே உருகிய விளிம்பும் உள்ளிறுக்கமும் சேர்ந்து வரும். வேண்டாம் என்றேன்.

கையின் அழுத்தம் பற்றி நிறையப் பேச வேண்டியிருந்தது. ‘மெதுவாப் போடு’ என்று எல்லாரும் சொல்வார்கள். அதை இளைஞர் பிட்டை ஷீட்டின் மேல் லேசாக உரசவிட்டுக்கொண்டே நிற்பது என்று எடுத்துக்கொண்டார். அப்படி நின்றால் பிட் வெட்டாது, தேய்க்கும், தேய்த்தால் சூடு. சுற்றும் வேகம்தான் குறைய வேண்டும், இறக்கும் கை நிதானமாக ஆனால் நிற்காமல் இறங்க வேண்டும். சீவல் நீளச் சுருளாக வந்தால் சரியாக வெட்டுகிறது. பிசுபிசுத்து பிட்டைச் சுற்றினால் சூடு ஏறிவிட்டது. பிட்டை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டுத் தொடர வேண்டும். கடைசி ஒரு மில்லிமீட்டரில் மட்டும் கையைத் தளர்த்த வேண்டும்.

குளிர்விக்க, தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து தெளித்தோம். உலோகத்துக்கு ஊற்றும் கட்டிங் ஆயிலை எடுக்கவில்லை. அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று டப்பாவில் எழுதியிருக்கவில்லை, தெரியாத எதையும் அக்ரிலிக் துளைக்குள் விடுவது சரியாகப் படவில்லை.

பொத்தான் துளையும் அழுத்தமானித் துளையும்

‘22 மி.மீ. பொத்தான்’ என்று சொன்னாலும் அதற்கு வேண்டிய துளை 22.3 மி.மீ. ஸ்டெப் டிரில்லில் (படிப்படியாக விட்டம் கூடும் கூம்பு வடிவ பிட்) 22 வரை போட்டு, மீதியை உருண்டைக் கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்ப்பது என்று முடிவு செய்தோம். ஸ்டெப் டிரில் இந்த வேலைக்கு மிக நல்லது. நேரான பள்ளம் கொண்ட வகையாக இருந்தால் அது கவ்வி இழுக்காது, சுரண்டித்தான் வெட்டும். ஒரே ஒரு கவனம்: ஒவ்வொரு படியின் உயரமும் ஷீட்டின் தடிமனைவிடக் குறைவாக இருந்தால், ஒரு படி அடியில் வெளியேறும் முன் அடுத்த படி மேலே கடிக்கத் தொடங்கும். அப்படியானால் பாதி ஆழம் வரை ஒரு பக்கம், பிறகு திருப்பி மறுபக்கம். வேகம் 500 ஆர்.பி.எம்.

மூக்கு வெட்டுக்கு முக்கோண அரம் போய், 3 மி.மீ. உருண்டை அரம் வந்தது. வேறெதுவும் மாற்றவில்லை. இழுக்கப்படும் தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தாலே அதன் விளிம்பில் இழுவிசை மூன்று மடங்காகும். கூர்மையான வெட்டின் நுனியில் அது இன்னும் பல மடங்கு. நுனியை உருண்டையாக்கினால் அந்தப் பெருக்கம் குறைகிறது. பொத்தான் துளை விரிசல் இந்த ஒரு மாற்றத்தில் நின்றுபோனது.

ஹோல் சாவுக்குப் பெல்ட்டை இறக்கி 300 ஆர்.பி.எம்.மில் வைத்தோம், நிமிடத்துக்கு சுமார் 56 மீட்டர். எல்லைக்குள்தான், ஆனால் மேல் விளிம்பில். இன்னும் குறைந்த படி அந்த மெஷினில் இல்லை. அதனால் சூட்டைக் குறைக்க வேறு இரண்டு காரியங்கள் செய்தோம். வட்டப் பாதையின் மேல், வெட்டி எறியப்போகும் வட்டின் பக்கமாக, முன்கூட்டியே ஒரு சிறு துளை போட்டுவிட்டால் சீவல் அதன் வழியாக விழுந்துவிடும். பற்களுக்கிடையில் சேர்ந்து உருகாது. இரண்டாவது, பாதி ஆழம் வெட்டியதும் ஷீட்டைத் திருப்பி, நடுத் துளையில் பொருத்தி மறுபக்கத்திலிருந்து முடிப்பது. இரு வெட்டுகளும் தடிமனின் நடுவில் சந்திப்பதால் எந்தப் பக்கத்து மேற்பரப்பிலும் பெயர்ப்பு இல்லை.

இதற்குப் பிறகும் ஒரு மூடி உடைந்தது. ஹோல் சாவின் நடுவிலுள்ள வழிகாட்டிப் பிட்டை யாரும் நினைக்கவில்லை. அது மழுக்காத, சாதாரண 118 பாகை பிட். பெரிய துளைக்கு நடுவில் தானே, உடைந்தாலும் வெட்டி எறியும் பகுதிதானே என்று தோன்றும். ஆனால் அங்கே கிளம்பிய விரிசல் வட்டத்தைத் தாண்டி ஓடியிருந்தது. நடுத் துளையை முதலில் சிவப்புத் தண்டுப் பிட்டால் தனியாகப் போட்டுக்கொண்டு, பிறகு ஹோல் சாவை இறக்கும் வழக்கம் அதிலிருந்து வந்தது.

இப்படியாக 20 மூடிகளும் உடையாமல் முடிந்தன. விளிம்புகளை நீரில் நனைத்த 240, 400, 600 எண் தாள்களால் வரிசையாகத் தேய்த்து, பெட்டிகளில் பூட்டி அனுப்பினார்கள்.

பொருத்திய பின் வந்த விரிசல்

சில வாரங்களில் நான்கு பெட்டிகள் பற்றிப் புகார் வந்தது. மூலைத் துளைகளைச் சுற்றி வெள்ளி இழைபோல மெல்லிய கோடுகள். ஒன்றில் கோடு ஓரம் வரை போய் மூலை தனியாகக் கழன்றிருந்தது. யாரும் இடிக்கவில்லை, எதுவும் விழவில்லை.

“அண்ணே, போடும்போது ஒண்ணுமே ஆகலையே” என்று இளைஞர் மெக்கானிக்கிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான். போடும்போது ஆகாதது பிறகு ஆவதற்கு மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன என்பது பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது.

ஸ்க்ரூக்கள் கவுண்டர்சிங்க் தலை கொண்டவை. கூம்பு வடிவத் தலை துளைக்குள் ஆப்பு மாதிரி இறங்கி, துளையை எல்லாப் பக்கமும் விரிக்கப் பார்க்கும். தகட்டில் இது பரவாயில்லை. அக்ரிலிக்கில் இது இரவும் பகலும் விடாத இழுவிசை. அதிலும் ஓரத்திலிருந்து 8 மி.மீ. தூரத்தில்.

அடுத்தது வெப்ப விரிவு. அக்ரிலிக் ஒரு பாகைக்கு ஒரு மீட்டரில் சுமார் 0.07 மி.மீ. விரியும், எஃகு 0.012 மி.மீ. மட்டுமே. மூலைத் துளைகளுக்கு நடுவே நீளவாக்கில் 384 மி.மீ. பெட்டிக்குள் சாமான்கள் சூடாகி 30 பாகை மாறினால் மூடிக்கும் பெட்டிக்கும் இடையே 0.65 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வரும். 4.2 மி.மீ. துளையில் 4 மி.மீ. ஸ்க்ரூ. நகர இடமே இல்லை. கூம்புத் தலை வேறு நடுவில் பிடித்துவைத்திருக்கிறது.

மூன்றாவது, ஸ்க்ரூ கழலாமல் இருக்க மரையில் பூசும் திரவப் பசை. மெக்கானிக் எல்லா ஸ்க்ரூக்களிலும் ஒரு சொட்டு விட்டிருந்தார். உலோக வேலையில் அது நல்ல பழக்கம். அந்தப் பசையின் அடிப்பொருள் அக்ரிலிக்கின் உறவுக்கார வேதிப்பொருளே. காயாத பசை துளைக்குள் கசிந்தால், இழுவிசையில் இருக்கும் சுவரைத் தின்னத் தொடங்கும். போதாததற்கு இரண்டு இடங்களில் மூடியைக் கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயால் துடைத்திருந்தார்கள். அதில் ஆல்கஹால் இருந்தது. உள்ளிறுக்கம் இல்லாத அக்ரிலிக்கை ஆல்கஹால் அவ்வளவு எளிதில் ஒன்றும் செய்யாது. இறுக்கம் இருக்கும் இடத்தில் நுண்விரிசலை வரவழைத்துவிடும்.

இவற்றில் எது முக்கியக் காரணம் என்று பார்க்க மிச்சத் துண்டுகளில் ஒரு சோதனை செய்தோம். ஒரே ஷீட்டின் துண்டுகள்: சிலவற்றில் மொண்ணை பிட்டால் வேகமாக, சூடேறும்படி துளை, சிலவற்றில் புது முறைப்படி துளை. இரண்டிலும் பாதியில் ஸ்க்ரூவை இறுக்கி, எல்லாவற்றிலும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு வைத்தோம். சூடான துளைகளில் ஸ்க்ரூ இல்லாமலே கோடுகள் வந்தன. சுத்தமான துளைகளில், கூம்புத் தலை ஸ்க்ரூ இறுக்கியவற்றில் மட்டும் வந்தன. தட்டைத் தலை (தலையின் அடிப்பக்கம் தட்டையானது) வைத்தவற்றில் வரவில்லை. ஆக, இறுக்கம் எந்த வழியில் வந்தாலும் சரி, அது இருக்கும் இடத்தில் ரசாயனம் வேலையை முடித்துவைக்கிறது.

கணினித் திரையின் வெள்ளை வெளிச்சத்துக்கு முன் மூடியை வைத்து, போலராய்டு கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளிறுக்கம் வண்ணமாகத் தெரியும் என்பதால் அதையும் செய்து பார்த்தோம். இன்னொரு தெளிவான பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட்டில் அது பிரமாதமாகத் தெரியும். அக்ரிலிக்கில் மிக மங்கல். அதை வைத்து ஒரு மூடியைத் தேற்றவோ தள்ளவோ முடியாது.

இரண்டாம் முறை எடுத்த முடிவுகள்

கூம்புத் தலை ஸ்க்ரூவை விட்டுத் தட்டைத் தலை ஸ்க்ரூ, அகல வாஷர், அதற்கும் ஷீட்டுக்கும் நடுவில் மெல்லிய சிலிகான் வாஷர். பி.வி.சி. வாஷரைத் தவிர்த்தோம், அதை மிருதுவாக்கச் சேர்க்கும் பொருள் அக்ரிலிக்குக்குள் ஊறி விரிசலைத் தரக்கூடும்.

மூலைத் துளை 4.2-இலிருந்து 6 மி.மீ. ஆனது. துளையின் மையத்துக்கும் ஓரத்துக்கும் குறைந்தது துளை விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் என்பது குறைந்தபட்ச வழக்கு. இரண்டு மடங்கு, அதாவது 12 மி.மீ. வைத்தோம். பெட்டியின் விளிம்பில் இடம் இருந்ததால் மூடியை 408 × 308 ஆக வெட்ட முடிந்தது. இடம் இல்லாத பெட்டியாக இருந்தால் இந்தத் தீர்வு கிடைத்திருக்காது.

இறுக்கும் அளவில் ஒரு சிறிய வாக்குவாதம். ஷீட்டின் தடிமனைவிடச் சற்றே நீளமான உலோகக் குழல் ஒன்றைத் துளைக்குள் வைத்துவிட்டால், ஸ்க்ரூ குழலோடு முட்டி நின்றுவிடும், ஷீட்டை நசுக்காது என்றார் உரிமையாளர். கேட்க நல்ல யோசனை. ஆனால் புதிதாக வாங்கியது காஸ்ட் ஷீட்; ‘5 மி.மீ.’ என்பதற்கு அதன் தர விதியே கூட்டியோ குறைத்தோ 0.9 மி.மீ. வரை அனுமதிக்கிறது. ஒரே நீளக் குழல் சிலவற்றில் ஆடும், சிலவற்றில் பயன்படாது. அதனால் கையால் பிடிக்கும் வரை திருகி, கால் சுற்று பின்னால் தளர்த்துவது என்று வைத்தோம். கழலாமல் இருக்கப் பசைக்குப் பதில் பின்னால் நைலான் வளையம் கொண்ட பூட்டு நட்.

மாற்று மூடிகளை, துளைகள் எல்லாம் முடித்துத் தாளை உரித்தபின், வெப்பக் கட்டுப்பாடு உள்ள உலர்த்தும் அடுப்பில் 80 பாகையில் 2 மணி நேரம் வைத்து, அடுப்புக்குள்ளேயே மெல்ல ஆறவிட்டார்கள். தடிமனை மில்லிமீட்டரில் எடுத்து 3-ஆல் வகுத்தால் வரும் மணி நேரம், ஆனால் 2 மணிக்குக் குறையாமல் என்பது இதற்குச் சொல்லும் கணக்கு. துளையிடும்போது உறைந்த இறுக்கம் இதில் தளர்கிறது. ஆற்றுவதில் அவசரப்பட்டால் புது இறுக்கம் வரும். வீட்டுச் சமையல் அடுப்பின் வெப்பக் குமிழை நம்பி இதைச் செய்யக் கூடாது. 20 பாகை கூடினால் மூடி வளைந்துவிடும்.

துடைப்பதற்கு: மிதமான சோப்புத் தண்ணீர், மென்மையான துணி. இதை ஒரு சிறு சீட்டாக அச்சிட்டு ஒவ்வொரு பெட்டியின் உள்பக்கத்திலும் ஒட்டினார்கள்.

பின் நடந்தது

மாற்றிய மூடிகளில் இதுவரை புகார் இல்லை. முதலில் அனுப்பியவற்றில் விரிசல் தெரியாத மூடிகளைக் கழற்றி வரவழைப்பதா என்பதில் இரண்டு கருத்து இருந்தது. எல்லாவற்றையும் மாற்றச் செலவு கூடும் என்றார் உரிமையாளர். கடைசியில் ஸ்க்ரூவையும் வாஷரையும் மட்டும் அங்கேயே போய் மாற்றி, மூலைத் துளைகளைப் பூதக்கண்ணாடியால் பார்ப்பது என்று முடிவானது. பழைய 4.2 துளைகளை அங்கே வைத்தே 6 ஆக்கலாம் என்ற யோசனையை மெக்கானிக்கே மறுத்தார்: ஏற்கெனவே இருக்கும் துளையைப் பெரிதாக்கும்போது பிட் கவ்வுவது புதுத் துளையில் கவ்வுவதைவிட மோசம், அதோடு ஓரத்துக்கு 8 மி.மீ.தான் இருக்கிறது. அவர் சொன்னது சரி. அப்படிப் பார்த்ததில் ஒரு மூடியில் ஓரத்தை எட்டாத சிறு கோடு கிடைத்தது. அதன் நுனியில் 2 மி.மீ. துளை போட்டு விரிசல் மேலே ஓடாமல் நிறுத்தி, மாற்று மூடி வரும் வரை ஓட்டினார்கள்.

அடுத்த முறை மாறுபவை

ஷீட் வாங்கும்போதே காஸ்ட் என்று எழுதிக் கேட்பார்கள். ஒரு வேலைக்குள் இரண்டு வகையைக் கலக்க மாட்டார்கள். வரைபடத்தில் மூலைத் துளைக்கு 6 மி.மீ., ஓரத்துக்கு 12 மி.மீ. என்று முதலிலேயே போட்டுவிடுவார்கள்.

60 மி.மீ. துளையை ஹோல் சாவில் போடுவது எனக்கு இன்னும் திருப்தியாக இல்லை. மெஷினின் கீழ்ப்படியே எல்லையின் ஓரத்தில் இருக்கிறது, துளையின் தரம் முழுக்கக் கையைப் பொறுத்து அமைகிறது. ஒரு மில்லிமீட்டர் சிறிதாகத் துளையிட்டு, பிளைவுட் அச்சு ஒன்றை வைத்து ரவுட்டரால் (வேகமாகச் சுற்றும் அலகால் ஓரத்தைச் சீவும் மெஷின்) மீதியைச் சீவி எடுப்பது இன்னும் சீரான சுவரைத் தரும். அச்சை இளைஞர் செய்துகொண்டிருக்கிறார்.

வெளியில் கொடுத்து லேசரில் வெட்டிவிடலாம் என்று உரிமையாளர் கேட்டார். துளை கச்சிதமாக வரும், ஓரம் கண்ணாடியாக மின்னும், பெயர்ப்பு என்ற பேச்சே இல்லை. ஆனால் லேசர் சூட்டால்தான் வெட்டுகிறது. விளிம்பில் உள்ளிறுக்கத்தை விட்டுவிட்டுப் போகிறது. லேசரில் வெட்டிய துண்டில் அதே ஆல்கஹாலைத் தொட்டு அவரிடம் காட்டினோம். கோடுகள் விளிம்பிலிருந்து உள்ளே இறங்கின. லேசருக்குப் போனாலும் அடுப்பு வேலை இருக்கிறது என்பதால், அடுப்பின் கொள்ளளவுக்கு ஒரு தடவையில் எத்தனை மூடி வைக்கலாம் என்று கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.